பள்ளி ஆலோசகர் அறை: பெற்றோரும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசுப் பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு ஆண்டு முழுவதும் ஒரே சந்தேகங்கள் வேறு வேறு வாய்களிலிருந்து வருகின்றன. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டதையே மறுவாரம் இன்னொருவர் என் அறை வாசலில் நின்றபடி கேட்பார். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், போகப்போகச் சிக்கலானவை.

பள்ளி ஆலோசகர் என்பவர் ஆசிரியரா, டாக்டரா?

இரண்டும் இல்லை. நாங்கள் பாடம் நடத்துவதில்லை, மருந்து எழுதித் தருவதில்லை, நோய்க்குப் பெயர் சூட்டுவதும் எங்கள் வேலை இல்லை. உளவியல், சமூகப்பணி, ஆலோசனை ஆகிய துறைகளில் ஒன்றைப் படித்து, பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு அதன் வழியே உதவப் பயிற்சி பெற்றவர்கள். என்ன பட்டம் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

நாங்கள் மதிப்பெண்ணும் போடுவதில்லை. இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பள்ளியில் ஒரு பிள்ளை சந்திக்கும் பெரியவர்கள் அநேகமாக எல்லோருமே அவனை ஏதோ ஒன்றில் அளந்துகொண்டிருக்கிறார்கள். அளவுகோல் இல்லாத பெரியவர் ஒருவராவது அந்தக் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆலோசகரைப் பார்க்கச் சொல்லி வகுப்பாசிரியை குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறார். என் மகனுக்கு என்ன பைத்தியமா?

இல்லை. என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எந்த மனநோயும் கிடையாது. புதுப் பள்ளிக்கு மாறி வந்து நண்பர்கள் கிடைக்காதவர்கள், வீட்டில் ஓர் இறப்பைச் சந்தித்தவர்கள், தேர்வு என்றதும் கை நடுங்குபவர்கள், உயிர்த்தோழியோடு பேச்சு முறிந்தவர்கள். இவர்கள்தான் அதிகம். சிலர் சும்மா பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போக வருகிறார்கள். அதுவும் நல்லதே.

ஆசிரியை எழுதினார் என்றால் உங்கள் பிள்ளையிடம் ஒரு மாற்றத்தை அவர் கவனித்திருக்கிறார் என்று பொருள். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஒருவனுடைய முகம் வாடியிருப்பதைக் கண்டுகொண்ட ஆசிரியை அவர். அவரை நேரில் பார்த்து, 'எதைக் கவனித்தீர்கள், எப்போதிலிருந்து?' என்று கேளுங்கள். அதன் பிறகு மகனிடம் பேசுங்கள். 'உன்னைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது' என்று மட்டும் தொடங்காதீர்கள்.

வெறும் பேச்சுத்தானே? அதை நாங்களே வீட்டில் பேசிக்கொள்ள மாட்டோமா?

பேசுங்கள், கட்டாயம் பேசுங்கள். வீட்டில் மனம்விட்டுப் பேச முடிகிற பிள்ளைக்கு என் தேவை குறைவு. ஆனால் வீட்டுப் பேச்சில் ஒரு தடை இருக்கிறது. பிள்ளையின் கவலை உங்களையும் சுடுகிறது. 'பள்ளிக்குப் போகவே பிடிக்கவில்லை' என்று மகள் சொன்ன மறுகணம் உங்களுக்குப் பயம் வருகிறது. பயம் அறிவுரையாக மாறுகிறது. அறிவுரையைக் கேட்டதும் அவள் வாயை மூடிக்கொள்கிறாள். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. அன்பு அப்படித்தான் பதறும்.

எங்கள் பேச்சுக்கு முறை உண்டு. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 'பூஜ்யத்திலிருந்து பத்து வரை, இன்று நீ எந்த எண்ணில் இருக்கிறாய்?' என்று கேட்போம். மூன்று என்பான். 'ஏன் மூன்றுதான்?' என்று கேட்க மாட்டோம். 'ஒன்றுக்கு இறங்கிவிடாமல் உன்னை மூன்றில் பிடித்து நிறுத்துவது எது?' என்று கேட்போம். அப்போதுதான் பாட்டி, பந்து விளையாட்டு, பக்கத்து இருக்கைப் பையன் என்று அவனைத் தாங்கி நிற்பவை ஒவ்வொன்றாக வெளிவரும். அடுத்த கேள்வி, 'நான்காக என்ன நடக்க வேண்டும்?' உளச்சிகிச்சையாளர்களான ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் வளர்த்தெடுத்த, தீர்வை நோக்கிப் பேசும் முறையிலிருந்து வந்த கேள்விகள் இவை.

பேச்சோடும் முடிவதில்லை. கரும்பலகையைப் பார்க்காமல் குறும்பு செய்கிறான் என்று அனுப்பப்பட்ட பையனுக்குச் சில சமயம் தேவைப்படுவது மூக்குக்கண்ணாடி. தினமும் தாமதமாக வரும் பெண்ணுக்குத் தேவைப்படுவது, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னோர் ஆள். அந்த ஏற்பாடுகளுக்காக அலைவதும் எங்கள் வேலைதான்.

நாங்கள் படித்த காலத்தில் ஆலோசகரும் இல்லை, ஒன்றும் இல்லை. நன்றாகத்தானே இருக்கிறோம்? இப்போது மட்டும் எதற்கு?

நன்றாக இருப்பவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். உங்கள் வகுப்பில் பாதியில் நின்றுபோனவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஏன் நின்றார்கள் என்று அன்றைக்கு யாரேனும் போய்க் கேட்டார்களா?

இந்தப் பணி புதிதும் இல்லை. 1908இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், வேலை தேடும் இளைஞர்களுக்கு வழிகாட்ட ஒரு நிலையம் தொடங்கினார். ஏறத்தாழ அங்கிருந்துதான் இது கிளைத்தது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு ஏவிய மறு ஆண்டு, அறிவியலில் திறமையுள்ள மாணவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டமியற்றி, பள்ளி ஆலோசகர்களின் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கியது. வேலைக்கும் திறமைக்கும் ஆள் தேடத் தொடங்கிய பணி மெல்ல மெல்லப் பிள்ளையின் மனத்தின் பக்கம் திரும்பியது. மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வயதில் பிள்ளைகள் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது பள்ளியில்தான்.

அரசுப் பள்ளிக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சிக்கல் என்றால் கட்டணம் கட்டி வெளியே யாரையாவது பார்ப்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு, கட்டணம் இல்லாமல், பஸ் ஏறாமல், யாருக்கும் விளக்கம் சொல்லாமல் தட்டக்கூடிய ஒரே கதவு பள்ளிக்குள் இருப்பதுதான்.

படிப்பு, வேலை பற்றியும் உங்களிடம் கேட்கலாமா?

தாராளமாக. எந்தப் பாடப்பிரிவு எடுப்பது, உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனால் முதல் நாள் எங்கே போய் நிற்பது என்பது வரை கேட்கலாம். முடிவை மட்டும் நாங்கள் எடுத்துத் தர மாட்டோம்.

நான் இங்கே சொல்வதை அம்மாவிடமோ தலைமையாசிரியரிடமோ சொல்லிவிடுவீர்களா?

தம்பி, தங்கச்சி, எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது நீ கேட்ட இதுதான். நீ சொல்வது என்னோடு இருக்கும். யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது, எதற்காக அழுதாய், எந்த ஆசிரியர் மீது கோபம் என்பதெல்லாம் உன்னுடையவை. ஆசிரியர்கள் அறையில் அவற்றை நான் பேச மாட்டேன்.

ஆனால் மூன்று இடங்களில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நீ உன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து இருந்தால். நீ வேறொருவரைக் காயப்படுத்தக்கூடும் என்றால். உன்னை யாரேனும் அடித்தோ, தகாத முறையில் தொட்டோ, பட்டினி போட்டோ துன்புறுத்தினால். அப்போதும் ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன். உன்னைக் காப்பாற்ற யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு, எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவு சொல்வேன். முடிந்தவரை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். 'அம்மாவிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா, இருவரும் சேர்ந்து சொல்வோமா?' என்று உன்னையே கேட்பேன்.

இதை முதல் நாளே சொல்லிவிடுவது என் வழக்கம். 'எதுவானாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன், சத்தியம்' என்று ஒரு பெரியவர் சொன்னால் கேட்க இனிமையாக இருக்கும். காப்பாற்ற முடியாத அந்தச் சத்தியத்தை உனக்கு நான் செய்து தர மாட்டேன்.

பெற்ற தாய் நான். என் மகள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

உங்கள் தவிப்பு புரிகிறது. மேலே சொன்ன மூன்று வரம்புகளில் ஒன்றை மகளின் நிலை தொட்டால் உங்களுக்குத் தெரியாமல் போகாது. உங்களாலேயே அவளுக்கு ஆபத்து என்றால் மட்டும் இது மாறும்; அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். மற்றபடி, அவள் எப்படி இருக்கிறாள், வீட்டில் நீங்கள் என்ன செய்தால் உதவியாக இருக்கும் என்பதை மகளுக்குத் தெரிந்தே உங்களிடம் பேசுவேன். அவள் உதிர்த்த சொற்களை அப்படியே ஒப்பிக்க மாட்டேன்.

பெற்றோருக்குச் சட்டப்படி எவ்வளவு உரிமை என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் ஊர்ச் சட்டம் உங்களுக்கு அதிக உரிமை தந்தாலும், கேட்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள். தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்து மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் 12ஆவது பிரிவில் சொல்கிறது. தன் சொற்கள் வீட்டுக்குப் போய்விட்டன என்று தெரிந்த பிள்ளை அடுத்த முறை வந்து உட்காரும். ஆனால் 'ஒன்றுமில்லை மிஸ்' என்பதற்கு மேல் பேசாது.

வகுப்பில் அடங்காதவனை உங்களிடம் அனுப்புகிறோம். அரைமணி நேரத்தில் சரிசெய்து அனுப்புங்களேன்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் சோர்வு எனக்குத் தெரியும். ஆனாலும் இதைக் கெஞ்சியே கேட்கிறேன்: 'வாயை மூடாவிட்டால் ஆலோசகரிடம் அனுப்பிவிடுவேன்' என்று வகுப்பில் சொல்லாதீர்கள். நீங்கள் ஒருவனை மிரட்டுகிறீர்கள்; கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் என் அறை தண்டனை அறையாகிவிடுகிறது. அவர்களில் ஒருத்தி அன்று மாலை என்னைப் பார்க்க வர நினைத்திருக்கலாம்.

ஒழுங்கு நடவடிக்கையும் ஆலோசனையும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தண்டனை முடிவில் எனக்குப் பங்கு உண்டு என்றால் எந்தப் பிள்ளை என்னிடம் உண்மை பேசும்? அனுப்புவதென்றால், தனியாக அழைத்து, 'உன்னைப் பற்றிக் கவலையாக இருக்கிறது, அவரிடம் பேசிப் பார்க்கிறாயா?' என்று கேட்டு அனுப்புங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள். பிறகு என்னோடும் உட்காருங்கள். எந்தப் பாடவேளையில், எதற்குப் பிறகு அவன் அப்படி நடக்கிறான் என்று சேர்ந்து பார்ப்போம். சத்தமாக வாசிக்கச் சொல்லும்போதெல்லாம் கலாட்டா செய்பவன், வாசிக்கத் தெரியாததை மறைக்கத்தான் பல சமயம் அதைச் செய்கிறான்.

மகளுக்குக் காலையில் வயிற்றுவலி, விடுமுறை நாளில் இல்லை. நடிக்கிறாளா?

வலி பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பதற்றம் வயிற்றில் வந்து உட்காரும். முதலில் மருத்துவரிடம் காட்டி, உடலில் வேறு காரணம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு பள்ளியில் எதைக் கண்டு அவள் பயப்படுகிறாள் என்று தேட வேண்டும். சில சமயம் அது ஓர் ஆசிரியராக இருக்கும். சில சமயம் கழிவறையாக இருக்கும். ஆமாம், தாழ்ப்பாள் இல்லாத கழிவறைக்குப் பயந்து பள்ளியையே வெறுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நீண்ட நாள் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். போகாத ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவதைக் கடினமாக்கும். முதல் வாரம் இரண்டு பாடவேளை மட்டும் என்றுகூடப் பள்ளியோடு பேசி ஏற்பாடு செய்யலாம்.

நான்கைந்து பேர் சேர்ந்து ஒருவனைக் கேலி செய்து வதைக்கிறார்கள். எல்லோரையும் உட்காரவைத்துக் கைகுலுக்க வைத்தால் முடிந்துவிடாதா?

சண்டை என்றால் முடியலாம். வதைப்பது என்றால் முடியாது. பள்ளிகளில் நடக்கும் வன்சீண்டலைப் பற்றி நார்வேயில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த டான் ஒல்வேயஸ் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இரு தரப்புக்கும் பலம் சமமாக இல்லாதது. பலம் சமமில்லாத இடத்தில் சமாதானக் கூட்டம் நடத்தினால், அடிபட்டவன் அடித்தவர்களின் கண்முன்னே 'பரவாயில்லை' என்று சொல்லும்படி நாமே செய்துவிடுகிறோம். மாலையில் வாசலுக்கு வெளியே அதற்கு அவன் விலை கொடுப்பான்.

ஆகவே தனித்தனியாகத்தான் பார்ப்போம். முதலில் அவனுடைய பாதுகாப்பு: எந்த இடத்தில், எந்த நேரத்தில் நடக்கிறது, அங்கே எந்தப் பெரியவர் நிற்பார்? வதைத்தவர்களோடு பேசுவது அடுத்தது. அவர்களில் ஒருவனாவது வீட்டில் அடிவாங்குபவனாக இருக்கக்கூடும். அதையும் கேட்க வேண்டும். வேடிக்கை பார்த்தவர்களையும் நான் விடுவதில்லை. கூட்டத்தின் சிரிப்பு நின்றால் பாதி நின்றுவிடும்.

ஓர் ஆலோசகருக்கு ஆயிரம் பிள்ளைகள். எப்படி முடியும்?

முடியாது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்று பரிந்துரைக்கிறது. நேரத்தில் 80 சதவீதமாவது மாணவர்களுக்கான பணியிலேயே செலவாக வேண்டும் என்கிறது. பல பள்ளிகளுக்கு அந்த 250 எட்டாக் கனி. ஆள் குறைவாக இருக்கும்போது, இருப்பவரை விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்புக்கும் தேர்வுக் கண்காணிப்புக்கும் படிவம் நிரப்பவும் இழுப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆற்றாமை வருகிறது.

இருக்கிற நேரத்தைப் பகிர்ந்துதான் ஆக வேண்டும். எல்லோருக்கும் பொதுவானதை வகுப்பறையிலேயே பேசுவோம். ஒரே துயரம் உள்ள ஆறேழு பேரைச் சிறு குழுவாக்குவோம். தனிச் சந்திப்பைத் தேவை மிகுந்தவர்களுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் பள்ளியில் ஆலோசகரே இல்லையென்றால், பிள்ளைகள் தாமாகப் போய்ப் பேசும் ஆசிரியர் ஒருவர் எப்படியும் இருப்பார். நிர்வாகத்திடம் சொல்லி அவருக்குப் பயிற்சியும் நேரமும் வாங்கிக் கொடுங்கள். ஆலோசகர் பணியிடம் கேட்டு எழுதுவதையும் நிறுத்தாதீர்கள்.

'சாகலாம் போலிருக்கிறது' என்று எழுதி வைத்திருக்கிறான். அதைப் பற்றிக் கேட்டால் நாமே எண்ணத்தைத் தூண்டிவிட மாட்டோமா?

மாட்டீர்கள். கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை என்பதை உலக சுகாதார நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தனியாகச் சுமந்துகொண்டிருந்தவனுக்கு ஒருவர் நேராகக் கேட்பது பெரிய ஆறுதல். சுற்றி வளைக்காமல், குரலை உயர்த்தாமல், 'உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா?' என்று கேளுங்கள். 'அப்படியெல்லாம் நினைக்கவில்லைதானே?' என்று கேட்காதீர்கள். இல்லை என்ற பதிலை அவன் வாயில் நீங்களே வைத்துவிடுகிறீர்கள்.

ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறானா என்று கேளுங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள். ஆபத்தான பொருட்கள், மருந்துகள், பூச்சிக்கொல்லி எதுவும் கைக்கு எட்டாதபடி அகற்றுங்கள். அன்றே ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். உடனடி ஆபத்து என்றால் நேராக மருத்துவமனைக்கு. பள்ளி ஆலோசகர் இதைத் தனியாகக் கையாளக் கூடாது. பெற்றோர், தலைமையாசிரியர், மனநல மருத்துவர் எல்லோரும் சேர வேண்டிய இடம் இது. கவனத்தை ஈர்க்கச் செய்கிறான் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அவனுக்குக் கவனம் தேவைப்படுகிறது, கொடுத்துவிடுங்கள்.

வீட்டிலேயே கொடுமை நடக்கிறது என்று பிள்ளை சொன்னால்? பள்ளி ஆசிரியர் மீதே சொன்னால்?

மூன்றாவது வரம்பு இதற்காகத்தான். சந்தேகம் எழுந்தாலே குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புக்கோ காவல் துறைக்கோ தெரிவிப்பதைப் பல நாடுகளில் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. உண்மையா என்று விசாரித்து முடிவு செய்வது எங்கள் வேலை இல்லை. பிள்ளையை மறுபடி மறுபடி சொல்லவைக்க மாட்டோம். அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதிக்கொள்வோம். துன்புறுத்துபவர் வீட்டில் இருக்கிறார் என்றால், அவருக்கு முன்கூட்டியே தகவல் போகாதபடி பார்த்துக்கொள்வோம்.

பள்ளியில் உள்ளவர் மீது என்றால் நிர்வாகம் 'பள்ளிப் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே பார்த்துக்கொள்வோம்' என்று சொல்லக்கூடும். அங்கே ஆலோசகர் வளையக் கூடாது. சம்பளம் கொடுப்பது பள்ளியாக இருந்தாலும் இந்த விஷயத்தில் அவர் பிள்ளையின் ஆள்.

பிறருக்கு ஆபத்து என்ற இரண்டாவது வரம்பும் இதே போன்றதுதான். 1976இல் டாராசாஃப் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், தன்னிடம் வருபவரால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த சிகிச்சையாளருக்கு அந்த இன்னொருவரைக் காக்கும் கடமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அது ஒரு மாநிலத்தின் தீர்ப்பு என்றாலும், ரகசியம் எங்கே முடிகிறது என்பதை யோசிக்கும் எல்லோரும் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

எங்கள் ஆலோசகரே என் பிள்ளை சொன்னதை வெளியில் சொல்லிவிட்டார். என்ன செய்வது?

முதலில் அவரிடமே நேராகக் கேளுங்கள். எந்த வரம்பின் கீழ் சொன்னார், யாரிடம், எவ்வளவு என்று அவர் விளக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் தலைமையாசிரியரிடமும், பிறகு கல்வித் துறையிடமும் எழுத்தில் கொடுங்கள். பிள்ளையிடம், 'நீ பேசியதில் தவறில்லை, காப்பாற்றாதது அவர் தவறு' என்று சொல்லுங்கள். அவன் விரும்பினால் வேறு ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்தேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மாணவி வீட்டு நிலைமையைப் பற்றிச் சொன்ன சிறு விஷயத்தை, அவள் மீது இரக்கம் பிறக்கட்டும் என்ற நினைப்பில் ஓர் ஆசிரியையிடம் சொன்னேன். ஆபத்து எதுவும் இல்லாத விஷயம். நான் சொல்லியிருக்கவே கூடாது. ஆசிரியை நல்லெண்ணத்தோடு அவளிடம் அதை விசாரித்துவிட்டார். மறுநாள் வராந்தாவில் அவள் என்னைப் பார்த்து, தலையைத் திருப்பிக்கொண்டு போனாள். மன்னிப்புக் கேட்டேன், 'பரவாயில்லை மிஸ்' என்றாள். பள்ளிப் படிப்பு முடித்துப் போகும்வரை அவள் என் அறைக்கு வரவில்லை.